வாழ்த்து அட்டைக் கணக்கில் விடுபடும் வரி

வங்கிக் கிளையில் ரப்பர் முத்திரை விழும் ஓசை கேட்காத நாளில்லை. ‘ரொக்கம் பெறப்பட்டது’ என்று பதிந்த பின்னரே சலானின் அடிக்கட்டை வாடிக்கையாளரின் கைக்கு வருகிறது. கணினியும் கைப்பேசியும் எத்தனையோ பழைய பொருள்களை மேசையிலிருந்து அகற்றிவிட்டன. முத்திரையும் ஸ்டாம்ப் பேடும் இன்னும் இருக்கின்றன. அதே ரப்பர் முத்திரை இன்று நம் வாடிக்கையாளர்கள் பலரின் இல்லங்களில் வேறொரு பணியையும் செய்கிறது. தாமரையாகவும் மயிலாகவும் மாவிலைத் தோரணமாகவும் கெட்டித் தாளில் பதிந்து, பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் உரிய வாழ்த்து அட்டையாகிறது.

இவ்வாறு வீட்டிலிருந்தபடியே அட்டை செய்து விற்போரில் பெரும்பாலோர் பெண்கள். கணக்குத் தொடங்கவும், பணம் பெறுவதற்கான கியூ.ஆர். குறியீடு வாங்கவும் கிளைக்கு வருகிறார்கள். அட்டை என்ன விலை என்று கேட்டால் உடனே சொல்கிறார்கள். அந்த விலை எவ்வாறு வந்தது என்றால், தாள் இவ்வளவு, உறை இவ்வளவு, மை இவ்வளவு, அதற்கு மேல் பத்துப் பதினைந்து ரூபாய் என்று விளக்குகிறார்கள். செய்வதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற கேள்விக்கு மட்டும் பெரும்பாலும் ஒரு புன்னகையே விடையாகக் கிடைக்கிறது. ‘அதெல்லாம் கணக்குப் பார்க்க முடியுமா சார், சும்மா இருக்கிற நேரத்தில் செய்வதுதானே?’

கணக்குப் பார்க்க முடியும். பார்க்கவும் வேண்டும் என்பது வணிகவியல் படித்து, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறர் கணக்குகளைப் பார்த்து வரும் என்னுடைய உறுதியான கருத்து. கையால் செய்த அட்டையில் மிகுந்த விலையுடைய பொருள் தாளும் மையும் அல்ல, செய்தவரின் நேரம். அந்த ஒரு வரியை விலைக்கணக்கில் சேர்க்காமல் விடும் வழக்கம், செய்பவரை வறியவராக்குவதோடு அத்தொழிலையும் வளரவிடாமல் தடுக்கிறது.

ஓர் அட்டைக்குள் இருப்பது என்ன?

இதைச் சொல்வதற்கு முன், ஓர் அட்டை உருவாகும் விதத்தைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. வாங்குவோர் பலருக்கு இது தெரியாது. செய்வோருக்கோ தெரிந்தும் பெரிதாகத் தோன்றுவதில்லை.

முதலில் தாள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை உள்ளது என்பதை ஜி.எஸ்.எம். என்று குறிப்பர். நம் அலுவலகங்களில் நகலெடுக்கும் தாள் 70 முதல் 80 ஜி.எஸ்.எம். வரை இருக்கும். மடித்து நிற்க வைக்கும் அட்டைக்கு 250 முதல் 300 வரை வேண்டும். ஏ4 அளவுள்ள 300 ஜி.எஸ்.எம். தாள் ஒன்றை இரண்டாக வெட்டினால் இரண்டு அட்டைகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒன்பது கிராமுக்குச் சற்று அதிகமான எடை. அஞ்சலில் கடிதத்துக்குரிய முதல் எடைப்படி 20 கிராம். உறையும், மேலே ஒட்டும் வண்ணத்தாள் அடுக்குகளும், மணிகளும் சேரும்போது அந்த எல்லையைத் தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்வதே ஒரு திறமை.

தாளுக்கு இழையோட்டம் உண்டு. இயந்திரத்தில் ஓடிவரும் தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். அத்திசையில் மடித்தால் மடிப்பு வழவழப்பாக விழும். குறுக்கே மடித்தால் மடிப்பு விளிம்பு பிளந்து பிசிறடிக்கும். எத்திசையானாலும், மடிப்பதற்கு முன் அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்திவிட வேண்டும். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்தவரின் அட்டையையும் செய்யாதவரின் அட்டையையும் தொட்டவுடனே வேறுபடுத்திவிடலாம்.

அழகுக்காகக் கைக்காகிதத்தை விரும்புவோரும் உண்டு. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் காகஜி என்ற பெயரையே குலப்பெயராகக் கொண்ட குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காகிதம் செய்து வருகின்றன. துணியில் மரக்கட்டை அச்சு பதிக்கும் கலைக்கும் அதே ஊர் புகழ்பெற்றது. ஆடைத் தயாரிப்பில் வெட்டி மிஞ்சும் பருத்தித் துணித் துண்டுகளை அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தால் முகந்து, நீரை வடித்து, அழுத்தி, உலர்த்தி எடுப்பதே கைக்காகிதம். அதற்காக மரம் வெட்ட வேண்டியதில்லை. ஆனால் அதன் சொரசொரப்பான முகத்தில் முத்திரையின் நுண்கோடுகள் தெளிவாகப் பதியா. எனவே விவரமறிந்தவர்கள் வழவழப்பான தாளில் படத்தை ஒற்றி, அதை வெட்டி, கைக்காகிதத்தின் மேல் ஒட்டுகிறார்கள்.

அடுத்து முத்திரை. மரப்பிடியில் ஒட்டிய சிவப்பு ரப்பர் பழைய வகை. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் பாலிமர் முத்திரை புதிய வகை. அதை அக்ரிலிக் கட்டையில் ஒட்டிப் பிடித்தால், படம் எங்கே விழப்போகிறது என்பது மேலிருந்தே தெரியும். மையிலும் இரு வகை உண்டு. சாய மை தாளுக்குள் இறங்கி விரைவில் காயும். நிறமி மை தாளின் மேலேயே நின்று மெதுவாகக் காயும். அந்தத் தாமதமே ஒரு பயன் தருகிறது. ஈரமான நிறமி மையின் மேல் எம்பாஸிங் பவுடரைத் தூவி, மிஞ்சியதைத் தட்டிவிட்டு, ஹீட் கன்னால் சூடேற்றினால், பொடி உருகிப் படத்தின் கோடுகள் பொன்னாகவோ வெள்ளியாகவோ மேலெழும்பி நிற்கும். தலைமுடி உலர்த்தும் கருவி இதற்கு உதவாது. அதன் காற்று பொடியைப் பறக்கடித்துவிடும், உருக்கும் அளவுக்கு அதில் வெப்பமும் இராது.

ஒரு பூவுக்குப் பின்னால் இன்னொரு பூ இருப்பதாகக் காட்ட வேண்டுமானால், முதல் பூவை மெல்லிய தாளிலும் ஒற்றி, வெட்டி, அட்டையில் உள்ள முதல் பூவின் மேல் மறைப்பாக வைத்து, இரண்டாம் பூவை ஒற்றி, மறைப்பை எடுக்க வேண்டும். தொலைவில் உள்ளது மங்கலாகத் தெரிய வேண்டுமானால், மை தொட்ட முத்திரையை முதலில் கழிவுத் தாளில் ஒருமுறை ஒற்றிவிட்டு, பிறகு அட்டையில் ஒற்ற வேண்டும். தாள் நாடாக்களைச் சுருட்டி ஒட்டும் குவில்லிங், திறந்தவுடன் எழுந்து நிற்கும் வெட்டுவேலை முதலியவை இவற்றினும் கூடுதலான பொறுமை கோருவன.

இவை அனைத்தும் பழகிப் பெறும் திறன்கள். பழகும் காலத்தில் பாழாகும் தாளுக்கும் கணக்கு உண்டு. எனவே இவ்வேலையைச் ‘சும்மா இருக்கிற நேரத்தில் செய்வது’ என்று சொல்லிக் கடந்துவிட இயலாது.

இருபது அட்டைகளின் கணக்கு

இனி என் துறைக்கு வருகிறேன். 20 அட்டைகள் கொண்ட ஒரு தொகுதியை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ளவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட தொகைகள். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். வாசகர்கள் தங்கள் தொகைகளை இட்டு இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

கெட்டித் தாள் 10, தலா 12 ரூபாய்: 120
உறைகள் 20, தலா 4 ரூபாய்: 80
மேலொட்டும் வண்ணத் தாள்: 60
மை, பொடி, பசை: 60
பொருள்களின் மொத்தம்: 320 ரூபாய்

ஓர் அட்டைக்கு 16 ரூபாய் ஆகிறது. இதை 30 ரூபாய்க்கு விற்பவர், ஓர் அட்டைக்கு 14 ரூபாயும் இருபது அட்டைகளுக்கு 280 ரூபாயும் ஆதாயம் என்று மகிழ்கிறார். கணக்கு இத்துடன் முடிந்துவிடவில்லை.

முத்திரைகளும் கருவிகளும் நாளடைவில் தேய்கின்றன. 600 ரூபாய்க்கு வாங்கிய முத்திரைத் தொகுதி 300 அட்டைகளுக்கு உழைக்கும் என்று கொண்டால், ஓர் அட்டைக்கு 2 ரூபாய் தேய்மானம். வெட்டுப் பலகை, கத்தி, ஹீட் கன் ஆகியவற்றுக்கு அட்டைக்கு 1 ரூபாய் வைப்போம். ஆக இருபதுக்கு 60 ரூபாய். பத்துக்கு ஒன்று வீதம் கெட்டுப்போகும் இரண்டு அட்டைகளின் பொருட்செலவு 32 ரூபாய். கடைக்குச் சென்று வரும் பேருந்துக் கட்டணம், மின்சாரம், பொதியும் உறை ஆகியவற்றுக்கு 48 ரூபாய். இவற்றைச் சேர்த்தால் செலவு 320 அன்று, 460. ஓர் அட்டைக்கு 23 ரூபாய். ஆதாயமாகத் தோன்றிய 280 ரூபாயில் பாதி, அதாவது 140 ரூபாய்தான் எஞ்சுகிறது.

இந்த 20 அட்டைகளுக்கு 6 மணி நேரம் ஆயிற்று என்று கொள்வோம். 140 ரூபாயை ஆறால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது 23 ரூபாய் சொச்சம். எம்பாஸிங் தெரிந்த, மறைப்பு ஒற்றுதல் தெரிந்த, வண்ணப் பொருத்தம் அறிந்த ஒருவரின் ஒரு மணி நேரத்துக்கு அது கூலியாகுமா? அதே பெண்மணி தம் வீட்டு வேலைக்கு ஓர் ஆளை அந்தக் கூலிக்கு அழைத்தால் எவரும் வரமாட்டார்.

ஒரு மணி நேரத்துக்கு 80 ரூபாய் என்று வைத்தால் கூலி 480 ரூபாய். மொத்த அடக்கவிலை 940. ஓர் அட்டையின் உண்மையான அடக்கவிலை 47 ரூபாய். அதற்கு மேல் வைப்பதே ஆதாயம். நேரடியாக விற்கையில் 55 ரூபாய் என்பது நியாயமான விலை. கடையில் வைத்து விற்று, கடைக்காரர் விற்பனை விலையில் 30 சதவீதம் எடுத்துக்கொள்வதானால், 47 ரூபாய் கைக்கு வரவே 67 ரூபாய்க்கு மேல் விலையிட வேண்டும். 30 ரூபாய்க்கு விற்ற அட்டை ஒவ்வொன்றிலும் அவர் 17 ரூபாயைத் தம் கையிலிருந்து வாங்குபவருக்குப் பரிசாகக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதே இக்கணக்கின் பொருள்.

கூலி ஏன் விடுபடுகிறது?

இது கணக்குத் தெரியாததால் நேர்வது அன்று. மாதக் கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்பதை முதல் வாரத்திலேயே மனக்கணக்காகச் சொல்லும் இல்லத்தரசிகளை நாம் அறிவோம். காரணம் வேறு. வீட்டில் பெண்கள் செலவிடும் நேரத்துக்கு விலையில்லை என்பது நம் சமூகத்தில் ஊறிப்போன எண்ணம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்களைச் செலவிடுகின்றனர். அப்பணிகளில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்களைச் செலவிடுகின்றனர். ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தைக் கூலியின்றிக் கொடுத்தவர், மிஞ்சிய நேரத்தில் செய்யும் தொழிலுக்கும் கூலி கேட்கத் தயங்குவதில் வியப்பில்லை. ஆனால் மிஞ்சிய நேரம் குறைவு என்பதாலேயே அதன் மதிப்பு கூடுகிறது. அரிதான பொருளுக்கு விலை அதிகம் என்பது பொருளியலின் முதல் பாடம்.

இன்னொரு காரணமும் உண்டு. வாழ்த்து அட்டை அன்பின் அடையாளம். அன்புக்கு விலை வைப்பதா என்ற கூச்சம். இக்கூச்சத்தை நான் மதிக்கிறேன். பேரன் தன் தாத்தாவுக்குச் செய்து தரும் அட்டைக்கு அடக்கவிலை பார்ப்பவன் மூடன். ஆனால் அது அன்பளிப்பு. பேரேட்டில் அதற்கு இடமில்லை. முன்பின் அறியாத ஒருவர் தம் அலுவலக நண்பருக்குக் கொடுப்பதற்காக நம்மிடம் அட்டை வாங்குகிறார் என்றால் அங்கே அன்பு அவருடையது, உழைப்பு நம்முடையது. அவர் தம் அன்பை வெளியிடுவதற்கு நாம் ஏன் கூலியை இழக்க வேண்டும்? தருவது தருவதாக இருக்கட்டும், விற்பது விற்பதாக இருக்கட்டும். இரண்டும் கலக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

விலை ஏறினால் யார் வாங்குவார்?

நியாயமான கேள்வி. கைப்பேசியில் ஒரு வாழ்த்துப் படத்தைச் செலவின்றி நூறு பேருக்கு அனுப்பிவிடலாம். கடையில் அச்சிட்ட அட்டையும் மலிவாகவே கிடைக்கிறது. அச்சகத்தில் ஒரு படத்துக்கான தொடக்கச் செலவு ஆயிரக்கணக்கான பிரதிகளுக்குப் பகிரப்படுவதால் ஒவ்வொன்றின் விலையும் குறைகிறது. கையால் ஒற்றும் அட்டையில் ஆயிரமாவது அட்டைக்கும் முதல் அட்டைக்கு ஆன உழைப்பே ஆகும். ஆகவே விலையில் அச்சகத்தோடு போட்டியிடுவது தோற்பதற்கென்றே களமிறங்குவதாகும். அச்சகத்தால் தர இயலாததைத் தருவதே வழி.

விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் கதை இங்கே நினைக்கத்தக்கது. லண்டனில் 1843-ஆம் ஆண்டு ஹென்றி கோல் என்பவர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு அதை வரையச் செய்தார். கல்லச்சில் ஏறத்தாழ 1,000 பிரதிகள் அச்சிடப்பட்டு, வண்ணம் கையால் தீட்டப்பட்டது. விலை ஒரு ஷில்லிங். அன்றைய தொழிலாளி ஒருவருக்கு அது சிறிய தொகை அன்று. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்கும் ஒரு பொருளின் முதல் விலைச்சீட்டில் கைவேலைக்குரிய பங்கும் இருந்தது என்பதே நான் இதில் காண்பது.

நம் நாட்டிலிருந்தும் ஒரு சான்று. 1979-இல் மும்பையில் ரிப்பன் கபூர் என்ற இளைஞரும் நண்பர்கள் ஆறு பேரும் 50 ரூபாயை வைத்துக்கொண்டு குழந்தைகள் நலனுக்காக ‘கிரை’ என்ற அமைப்பைத் தொடங்கினர். அதன் தொடக்ககால நிதிதிரட்டலில் வாழ்த்து அட்டை விற்பனைக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த அட்டைகளை வாங்கியவர்கள் தாளின் விலையை மட்டும் பார்த்து வாங்கவில்லை. பணம் எங்கே போகிறது என்பதை அறிந்து வாங்கினர். விலைக்குப் பின்னால் உள்ள காரணத்தைச் சொன்னால் வாங்குவோர் கேட்டுக்கொள்வார்கள். சொல்லாமலிருந்தால்தான் பேரம் பேசுவார்கள்.

கதர் இயக்கத்திலும் இதே வினா எழுந்தது. நூற்கும் பெண்களுக்குக் கிடைத்த கூலி வாழ்க்கைக்குப் போதாது என்று காந்தியடிகள் கருதினார். 1935-இல் அகில பாரத சர்க்கா சங்கம், நூற்பவருக்குக் குறைந்தபட்ச வாழ்க்கைக் கூலி தரவேண்டும் என்ற கொள்கையை ஏற்றது. கூலி கூடினால் கதரின் விலையும் கூடும், விற்பனை குறையும் என்று அஞ்சியவர்கள் அன்றும் இருந்தனர். ஏழை நூற்பாளியின் வயிற்றை வாட்டிக் கதரை மலிவாக்க வேண்டியதில்லை என்பதே அண்ணலின் நிலை. அதற்கு முந்தைய ஆண்டு, 1934-இல், அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் அமைந்தபோது அதை நடத்தும் பொறுப்பை ஏற்ற ஜே. சி. குமரப்பா தஞ்சையில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் பயின்று மும்பையில் தணிக்கைத் தொழில் நடத்தியவர். கைக்காகிதம் அச்சங்கம் வளர்த்த தொழில்களுள் ஒன்று. சாங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. கணக்காளர் ஒருவர் கைத்தொழிலுக்குத் தம் வாழ்நாளை அளித்தார் என்பதில் கணக்கு எழுதும் எங்களுக்குப் பெருமை உண்டு. கைத்தொழிலும் கணக்கும் பகையல்ல.

அச்சகத்தால் தர இயலாதது என்றேன். பெயர் அவற்றுள் முதலாவது. குழந்தையின் பெயரும் பிறந்த நாளும் பொறித்த அட்டையை எந்தக் கடையும் அடுக்கி வைத்திராது. தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு நாற்பது அழைப்பு மட்டும் வேண்டுவோர்க்கு அச்சகத்தின் தொடக்கச் செலவு சுமையாகும். அத்தகைய சிறு எண்ணிக்கையே கைவேலையின் களம். மொழி மூன்றாவது. கைவினைக் கடைகளில் கிடைக்கும் வாழ்த்து முத்திரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. ஆனால் அலுவலகங்களுக்கு முத்திரை செய்து தரும் தெருமுனைக் கடைக்காரரிடம் ‘இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று அழகாக எழுதிக் கொடுத்தால், அதை அவர் முத்திரையாக்கித் தந்துவிடுவார். உங்கள் பாட்டியின் கையெழுத்திலேயே எழுதி வாங்கினால் அதற்கு இணையான அட்டை உலகில் வேறில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாங்கிய முத்திரையைக் கையால் ஒற்றிச் செய்யும் அட்டைகளை விற்பதற்குத் தயாரிப்பாளர் பலர் இசைகின்றனர். அப்படத்தை ஸ்கேன் செய்து அச்சடித்து விற்க இசைவதில்லை. திரைப்படக் கேலிச்சித்திரப் பாத்திரங்களைப் பதித்து விற்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி வழக்கில் முடியக்கூடும். நாமே வரைந்து செய்வித்த முத்திரைக்கு இத்தொல்லை இல்லை.

குறைக்க வேண்டியது நேரத்தை

அடக்கவிலை கூடுதலாக இருக்கிறது என்றால் எதைக் குறைப்பது? கூலி விகிதத்தைக் குறைப்பதே பெரும்பாலோர் செய்வது. நேரத்தைக் குறைக்கலாம் என்பது என் யோசனை. ஓர் அட்டையைத் தொடங்கி முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பதற்குப் பதிலாக, இருபது தாள்களையும் ஒன்றாக வெட்டி, ஒன்றாகக் கோடிட்டு மடித்து, ஒரே நிறத்தை இருபதிலும் ஒற்றி, பின்னர் அடுத்த நிறத்துக்குச் செல்லலாம். முத்திரையைத் துடைக்கும் நேரமும் மையை மாற்றும் நேரமும் ஹீட் கன் சூடாகும் நேரமும் இதனால் மிச்சமாகும். நீண்ட நேரம் பிடிக்கும் குவில்லிங் பூவை, அதற்கென்று தனி விலை தர முன்வருவோரின் அட்டைக்கு ஒதுக்கிவிடலாம்.

இவ்வாறு 6 மணி நேர வேலை 4 மணி நேரமாகச் சுருங்கினால், மணிக்கு 80 ரூபாய்க் கூலியில் ஒரு காசும் குறைக்காமலே ஓர் அட்டையின் அடக்கவிலை 47 ரூபாயிலிருந்து 39 ரூபாயாக இறங்கிவிடும். எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதிவைப்பவரால்தான் இதைச் செய்ய இயலும். எழுதிவைக்காதவருக்கு எங்கே நேரம் போகிறது என்பதே தெரியாது.

ஆகவே அட்டை செய்வோர்க்கு நான் கூறுவது எளியது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் போடுங்கள்: பொருள், நேரம், வரவு. ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்றையும் நிரப்புங்கள். உங்கள் ஊரில் தையல் முதலிய திறன் வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கு என்ன கிடைக்கிறதோ அதைத் தொடக்கக் கூலியாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதங்களில் எந்த அட்டை உங்களுக்குச் சோறு போடுகிறது, எது உங்கள் நேரத்தைத் தின்கிறது என்பது தெளிவாகிவிடும்.

வாங்குவோர்க்கும் எங்களுக்கும்

இந்த இதழின் வாசகர்களில் அட்டை செய்வோரை விட வாங்குவோரே அதிகம் இருப்பர். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரிய அங்காடியில் விலைச்சீட்டைப் பார்த்து மறுபேச்சின்றிப் பணம் கட்டும் நாம், கண்காட்சியில் ஒரு பெண்மணி கையால் செய்த அட்டையை நீட்டும்போது மட்டும் ‘நாலு எடுத்தால் எவ்வளவு?’ என்று கேட்கிறோம். நான்கு எடுத்தாலும் அவருடைய நேரம் நான்கு மடங்குதான். நமக்கு அந்த விலை கட்டுப்படியாகாவிட்டால் வாங்காமல் வந்துவிடலாம், குற்றமில்லை. விலை கேட்டபின் கூலியைக் குறைக்கச் சொல்வதுதான் முறையற்றது.

வங்கித் துறையில் உள்ள எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. விண்ணப்பப் படிவத்தில் ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதி முடித்துவிடுவது எளிது. மாதம் இருநூறு அட்டைகள் செய்து விற்பவர் தொழில்முனைவோர். அவ்வாறே குறிக்கப்பட வேண்டும். அதற்குரிய வழிகளும் அவருக்குச் சொல்லப்பட வேண்டும். உத்யம் பதிவை ஆதார் எண்ணைக் கொண்டு அரசின் இணையதளத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். இடையில் பணம் கேட்போரை நம்ப வேண்டியதில்லை. 2015-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் முத்ரா திட்டத்தில் ‘சிசு’ பிரிவின்கீழ் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெற வழியுண்டு.

கடன் தரும் துறையில் இருந்துகொண்டே ஒன்று சொல்கிறேன்: முதல் படி கடன் அன்று. அழகாயிருக்கின்றன என்பதற்காகக் கடன் வாங்கி முத்திரைகளை வாங்கிக் குவிப்பதில் பயனில்லை. ஒற்றப்படாத முத்திரை தேய்வதில்லை, பணத்தை முடக்கியே வைக்கும். மேலே சொன்ன நோட்டுப் புத்தகத்தின் மூன்று பத்திகள் ஆறு மாதங்களுக்கு நிரம்பட்டும். அட்டை வரவுகளுக்கென்று தனியே ஒரு சேமிப்புக் கணக்கு இருக்கட்டும். வீட்டுச் செலவோடு அது கலவாதிருக்கட்டும். கையில் வந்த ஆர்டரை முடிக்கத் தாளும் மையும் போதவில்லை என்ற நிலை வரும்போது கடனுக்கு வாருங்கள். அப்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். கூலியும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகும் மிச்சம் காட்டும் தொழிலுக்குக் கடன் கொடுக்க எந்த அலுவலரும் அஞ்ச வேண்டியதில்லை. கூலியை விழுங்கி ஆதாயம் காட்டும் தொழிலோ, அவருடைய உடல்நிலை ஒருநாள் இடங்கொடாமல் போனால் அன்றே நின்றுவிடும்; அவருக்குப் பதிலாக வேறொருவரைக் கூலிக்கு அமர்த்தவும் அந்த விலை இடம் தராது. தவணையும் அப்போதே நின்றுபோகும்.

தை பிறப்பதற்கு முன் அட்டைகள் கேட்டு வருவோர் பலர் இருப்பர். இம்முறை விலை சொல்வதற்கு முன் கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.